அடையாற்றுக்கு அந்தப் பக்கம்!

எல்லைப் பட்டணம் ஒன்றைப் பார்க்க ஆசையா? ரயில் ஏறி வெகு தூரம் போக வேண்டாம். மயிலாப்பூர் குளத்தங்கரையில் பஸ் ஏறினால் போதும். கால் மணி நேரத்தில் எல்லை வந்துவிடும்.

அந்த எல்லைதான் அடையாறு!

திரு.வி.க. பாலத்தைத் தினமும் ஆயிரக்கணக்கான பேர் கடக்கிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். பாலத்தின் கீழே ஓடுவது சாக்கடை என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்தியாவின் சரித்திரத்தைத் திருப்பிவிட்ட ஆறு இது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மயிலாப்பூரும் சாந்தோமும் இன்று சென்னையின் நடுவில் இருக்கின்றன. அன்று அப்படி இல்லை. சாந்தோம் போர்த்துகீசியரின் ஊர். 1520-களிலேயே அவர்கள் அங்கு குடியேறிவிட்டார்கள். ஆங்கிலேயர் சென்னைக்கு வந்தது 1639-ல். இரு ஊர்களுக்கும் நடுவே மூன்று, நான்கு மைல்தான். ஆனால் கொடி வேறு, சட்டம் வேறு.

சாந்தோமைப் பிடிக்க எத்தனை பேர் சண்டை போட்டார்கள், தெரியுமா? 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து பிடித்தார்கள். கோல்கொண்டா சுல்தானின் படை தரையில் வளைத்தது. டச்சுக்காரர்கள் கடலில் வளைத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் சரண் அடைந்தார்கள். பிறகு கோட்டைச் சுவர்களும் இடிக்கப்பட்டன. கடைசியில், 1749-ல், ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

ஆற்றங்கரையில் போர்

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்ததுதான் பெரிய கதை.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்துக்கொண்டார்கள். "பிடித்ததும் உங்களிடம் ஒப்படைக்கிறோம்" என்று ஆற்காடு நவாபு அன்வருத்தீனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், புதுச்சேரி கவர்னர் டூப்ளே. ஆனால் ஒப்படைக்கவில்லை. நவாபுக்குக் கோபம் வந்தது. மகன் மகபூஸ்கானை அனுப்பினார். அவருடன் வந்த படை சுமார் 10,000 பேர் என்பார்கள். குதிரைகள், பீரங்கிகள் எல்லாம் இருந்தன. அவர்கள் அடையாற்றின் வடகரையில் அணிவகுத்து நின்றார்கள்.

தெற்கே புதுச்சேரியிலிருந்து ஒரு சிறு படை வந்தது. தலைவர் பரதி. ஸ்விட்சர்லாந்துக்காரர். அவரிடம் இருந்தது சுமார் ஆயிரம் பேர். அதிலும் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள்!

கடல் அருகே ஆறு ஆழம் இல்லாத இடம் உண்டு. பரதியின் ஆட்கள் தண்ணீரில் இறங்கி நடந்தே வந்தார்கள். கரை ஏறினார்கள். வரிசையாக நின்று சுட்டார்கள். மருந்து கெட்டித்து, மறுபடியும் சுட்டார்கள். நவாபின் படையினர் அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததே இல்லை. சாந்தோம் தெருக்கள் வழியாகச் சிதறி ஓடினார்கள்.

அன்று வெள்ளைக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டார்கள். நம்மவர்களுக்கே பயிற்சி கொடுத்து, நம்மவர்களையே தோற்கடிக்கலாம்! அந்தப் பாடத்தைப் பிரெஞ்சுக்காரர்களைவிட ஆங்கிலேயர்கள் நன்றாகப் படித்தார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

போர் நடந்த இடம் இன்றைய குயிபிள் தீவு. பட்டினப்பாக்கத்துக்குப் பக்கம். போய்ப் பார்த்தால் வீடுகளும் கல்லறைத் தோட்டமும்தான் தெரியும்.

அர்மேனியர் கட்டிய பாலம்

மேற்கே சைதாப்பேட்டைக்கு வாருங்கள். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க முடியாமல் ஜனங்கள் தவித்த இடம் அது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி 1726-ல் அங்கே பாலம் கட்டினார். சொந்தப் பணம், 30,000 வராகன்! மாம்பலம் என்ற பெயர் வெள்ளைக்காரர் வாயில் நுழையாமல், அது "மார்மலாங் பாலம்" ஆயிற்று. பரங்கிமலைக்குப் படி கட்டியவரும் இவர்தான்.

பாலம் கட்டியது பெரிதல்ல. அதைப் பழுது பார்க்க என்று 1,500 வராகன் தனியாக வைத்தாரே, அதுதான் பெரிது. இன்று கட்டுகிறவர்கள் திறப்பு விழாவோடு மறந்துவிடுகிறார்கள். அடையாற்று முகத்துவாரத்தில் 1967-ல் மீனவர்களுக்காக ஒரு பாலம் கட்டினார்கள். 1977-ல் வெள்ளம் அதை உடைத்தது. மறுபடி கட்டவில்லை. அதற்குப் பெயரே "உடைந்த பாலம்" ஆகிவிட்டது! காதலர்களும் சினிமாக்காரர்களும் அங்கே போனார்கள். மீனவர் சுற்றி நடந்தார்.

உஸ்கானின் பாலம் 1960-கள் வரை நின்றது. அந்த இடத்தில்தான் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது.

ஆறு மறக்கவில்லை

நாம் ஆற்றை மறந்தோம். 2015 டிசம்பரில் ஆறு நம்மை நினைத்துக்கொண்டது. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து வந்தன. கோட்டூர்புரத்தில் வீடுகள் மூழ்கின. சைதாப்பேட்டைப் பாலத்தில் போக்குவரத்து நின்றது. ஓர் இரவுக்கு அடையாறு பழையபடி எல்லையாகிவிட்டது. இந்தக் கரை வேறு, அந்தக் கரை வேறு.

வெள்ளம் வடிந்த பிறகு கரையில் இருந்த ஏழைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். வேலை இங்கே, வீடு அங்கே. ஆற்றை அடைத்துக் கட்டிய பெரிய கட்டிடங்கள் எங்கும் போகவில்லை. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

சர்க்காரை நாம் கேட்பது பெரிய செலவு அல்ல. திரு.வி.க. பாலத்தின் இரு முனையிலும் பெரிய எழுத்தில், எளிய தமிழில், ஒரு பலகை. இங்கே என்ன நடந்தது என்று பத்து வரி போதும். சைதாப்பேட்டையிலும் ஒன்று. உஸ்கான் வைத்த கல்வெட்டு பாரசீகம், அர்மேனியம், லத்தீன் எழுத்துகளில் உள்ளது. நம்மில் எத்தனை பேருக்கு அவை தெரியும்? அதன் செய்தியைத் தமிழில் எழுதிப் பக்கத்தில் வைக்கட்டும். ஆற்றில் சாக்கடையைத் திறந்துவிடுகிறவர்கள் மீது நடவடிக்கையும் வேண்டும். நாற்றத்தில் நின்று யார் பலகை படிப்பார்கள்?

அதுவரை காத்திருக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு, வெயில் ஏறுமுன் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். பாலத்தின் நடைபாதையில் நின்று கிழக்கே பாருங்கள். வலது பக்கம் மரங்கள் அடர்ந்த பிரம்மஞான சபைத் தோட்டம். இடது பக்கம் போர் நடந்த கரை. தண்ணீர் வற்றியிருந்தால் சேற்றில் கொக்குகள் நிற்கும். பரதியின் சிப்பாய்கள் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் வந்திருப்பார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்களே கை நீட்டிக் காட்டுவார்கள்.