கடைசி இலைக்கும் சாம்பார்!

கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்காரர்களைக் கவனித்திருக்கிறீர்களா? 'இருபது இலை' என்று சொல்லி அனுப்பினால் இருபதாவது இலையோடு திரும்பிவிடுகிறவர் ஒரு ரகம். 'கடைசி இலை வரைக்கும்' என்றால், புதுசாக மூணு பேர் வந்து உட்கார்ந்தாலும் ஊற்றிவிட்டு வருகிறவர் இன்னொரு ரகம். நான் பார்த்த ஆபீஸ் எக்ஸெல் ஷீட்டுகளில் பாதிக்கு மேல் முதல் ரகம்தான்.

'பி2-லிருந்து பி31 வரை கூட்டு' என்று பக்கத்து ஷீட்டில் டோட்டல் போட்டாகிவிட்டது. நடுவில் ஒரு வரியை நுழைத்தால் ஃபார்முலா தானாக நீளும். 32-ஆவது வரியில் புது பில் ஏறினால்? டோட்டல் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாது! தப்பு என்று கத்தினாலாவது தேவலை. சமர்த்தாக ஒரு தொகையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பி.காம். படித்த எனக்கு அந்தச் சமர்த்துதான் பயம்.

'சின்ன விஷயம் சார்' என்கிறீர்களா? கேளுங்கள். கார்மென் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் பொருளாதாரப் புலிகள். 2010-இல், கடன் ஜி.டி.பி.யில் 90 சதவீதத்தைத் தாண்டின பணக்கார நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். 'அரசாங்கச் செலவை வெட்டு' என்று கோஷம் போட்ட தலைவர்களுக்குக் கரும்பு தின்னக் கூலி! 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய ஷீட்டை வாங்கிப் பார்த்தார். 49-ஆவது வரி வரை போக வேண்டிய சராசரி 44-இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க்... ஐந்து இலைக்குச் சாம்பார் இல்லை! அவரும் இரண்டு பேராசிரியர்களும் திருத்திப் போட்ட கணக்கில் வளர்ச்சி 2.2 சதவீதம். (வித்தியாசம் முழுக்க இதனால் இல்லை, வேறு தகராறுகளும் உண்டு. ஆனால் வரிகள் விட்டுப்போனதைப் புலிகளே ஒப்புக்கொண்டார்கள்.)

பரிகாரம் 2007 எக்ஸெலிலிருந்தே இருக்கிறது. டேட்டாவுக்குள் கர்சரை வைத்து கன்ட்ரோல்-டி தட்டுங்கள். அது 'டேபிள்' ஆகிவிடும். அப்புறம் ஃபார்முலாவில் பி2, பி31 என்று கதவு நம்பர் எழுதாமல், டேபிளின் பெயரையும் 'தொகை' என்ற தலைப்பையும் எழுதுங்கள். அடியில் புது வரி ஏறினால் டேபிள் நீளும். டோட்டலும் கூடவே போகும். ஒரே கண்டிஷன்: நடுவில் ஒரு வரி காலியாக விட்டு எழுதினால் சேர்த்துக்கொள்ளாது. பந்தியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தால் வாளிக்காரர் என்ன செய்வார், பாவம்!

'ஆஃப்செட்' போட்டே சாதிக்கிற பழந்தின்னிகளும் உண்டு. ஆனால் ஷீட்டில் எந்த மூலையில் எதை மாற்றினாலும் அது மறுபடி கணக்குப் போடும். பெரிய ஃபைல் என்றால் கம்ப்யூட்டர் முக்கி முனகும்.

அடுத்த ரிப்போர்ட்டை மேனேஜரிடம் நீட்டுவதற்கு முன்னால் ஒரு பரீட்சை. கடைசி வரிக்குக் கீழே ஒரு ரூபாய் போட்டுப் பாருங்கள். டோட்டலும் ஒரு ரூபாய் ஏறினால் நிம்மதியாக டீ குடிக்கப் போகலாம்.

அந்த ஒரு ரூபாயை அழித்துவிட்டு!