கல்லின் எடை யாருக்குச் சேர வேண்டும்?

வெள்ளி விலை ஏறினால் முதலில் உருகுவது பழைய நகைகள்தாம். 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டொலரைத் தாண்டியது. அதன் பின் பெட்டிகளின் அடியில் கிடந்த காப்பு, தண்டை, கல் வைத்த தோடு, மோதிரம் எல்லாம் வெளியே வருகின்றன. எங்கள் வண்ணாத்திவில்லுவிலிருந்து புத்தளம் கடைகளுக்கு இவற்றைக் கொண்டு போகிறவர்களில் வயதான பெண்களே அதிகம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, வழியிலேயே நகைகளைப் பறிகொடுத்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்த குடும்பங்களும் இங்கே உண்டு. அவர்களிடம் மிஞ்சிய ஒரு பொருளுக்கு விலை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசத்தான் வேண்டும்.

சிவப்பு கார்னட் கல் வைத்த பழைய வெள்ளி நகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 20 கிராம், அதில் கல் 4 கிராம் என்றால், வாங்கும்போது கல்லைக் கழித்து 16 கிராமுக்குக் காசு கொடுக்கிறோம். அது நியாயம். ஆனால் கல்லுக்கு ஒரு சதமும் இல்லை. அதே நகையை மெருகிட்டு விற்கும்போது சில கடைகளில் 20 கிராமும் வெள்ளியாகிவிடுகிறது. கல்லுக்கு விலை வேறு, கூலி வேறு! எடுக்கும்போது ஓர் அளவு, கொடுக்கும்போது இன்னோர் அளவு என்பவர்களைப் பற்றித்தான் ஸூரத்துல் முதஃப்பிஃபீன் தொடங்குகிறது. நாம் தொழுகையில் ஓதுகிற அத்தியாயம்தான்.

கைபர் நாளில் ஃபழாலா பின் உபைத் (ரழி) அவர்கள் பொன்னும் மணிகளும் கோத்த மாலை ஒன்றை 12 தீனாருக்கு வாங்கினார்கள். பிரித்துப் பார்த்தால் பொன் மட்டுமே 12 தீனாருக்கு மேல் இருந்தது. பிரிக்காமல் விற்கக் கூடாது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. பழைய வெள்ளியைக் கொடுத்துப் புது வெள்ளி எடுக்கும் மாற்று வியாபாரம் செய்பவர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி என்றால் எடை சமமாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். பழையதைக் காசுக்கு வாங்கி, அந்தக் காசைக் கையில் கொடுத்து, பிறகு புதியதைத் தனியாக விற்பது சுத்தமான வழி.

"கார்னட் மலிவான கல்தானே" என்பார்கள். மாணிக்கத்தோடு ஒப்பிட்டால் மலிவுதான். அதற்காக விலையே இல்லாத பொருளாகிவிடாது. பழைய வேலைகளில் பட்டை தீட்டாமல் உருண்டையாக மெருகிட்ட கல்லை, பின்புறம் மூடி, அடியில் பளபளப்புத் தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். ஊதுகுழல் நெருப்பைக் காட்டினால் கல் வெடிக்கும், தகடும் கருகும். ஆகவே உருக்கும் முன் கழற்றுங்கள். கண்ணாடிக்கு மேல் மெல்லிய கார்னட் ஒட்டிய கற்கள் பழைய ஐரோப்பிய நகைகளில் வருவதுண்டு. உருப்பெருக்கியால் பக்கவாட்டில் பார்த்தால் கோடு தெரியும். பலமான நியோடிமியம் காந்தம் சிவப்பு கார்னட்டை இலேசாக இழுக்கும், மாணிக்கத்தை இழுக்காது. இன்னும் சந்தேகமென்றால் பேருவளை சீனன்கோட்டையில் நம் சகோதரர்கள் இருக்கிறார்கள். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடமும் இருக்கிறது.

பற்றுச்சீட்டில் வெள்ளி எடை, கல் எடை, இரண்டின் விலை என்று தனித்தனியாக எழுதுங்கள். கல் உங்களுக்கு வேண்டாமென்றால் கழற்றி, ஒரு தாளில் சுற்றி, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.