“போர்டு போச்சுண்ணே!”

நண்பர்களே, ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்புத் தோழனின் அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கடை. போன வருடம் ஆயுத பூஜை முடிந்து கடை திறந்த அன்று காலையில் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, அசைவே இல்லை. பதறிப் போய் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு சர்வீஸ் கடைக்கு ஓடினார். அங்கே இருந்தவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. கரண்ட் கொடுத்து, பட்டனை ரெண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். “போர்டு போச்சுண்ணே. இந்த மாடலுக்கு இப்ப போர்டு கெடைக்காது. செகண்ட் ஹேண்டுல செட்டா போட்டுக்குங்க” என்றார். ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டிக் கொடுத்துவிட்டு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அது என் நண்பனின் செமஸ்டர் ஃபீஸுக்காக அப்பா எடுத்து வைத்திருந்த பணம்.

செத்துப்போனதாகச் சொன்ன பழைய பெட்டியை ஹாஸ்டலுக்குத் தூக்கி வந்தோம். மல்டிமீட்டரோடு உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. போர்டில் பவர் பட்டன் ஒயர் வந்து சேரும் இரண்டு ஊசிகளை ஸ்குரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டேன். ஃபேன் கிர்ரென்று சுற்றியது. மானிட்டரை மாட்டினால், ‘ஹார்டு டிஸ்க் எங்கே?’ என்று கேட்காத குறையாகத் திரையில் எழுத்து ஓடுகிறது! கோளாறு பட்டனில். ஆயுத பூஜைக்கு மங்களகரமாகப் பவர் பட்டன் மேலேயே சந்தனப் பொட்டு வைத்திருக்கிறார்கள். தண்ணீர்ச் சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, பட்டனை உள்ளேயே பிடித்துக்கொண்டது. ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சந்தனம்!

அந்தக் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்காரப் போவது நாம்தான். பார்ட்ஸ் மாற்றத் தெரிந்தவன் நிறையப் பேர் இருக்கிறான். கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பவனுக்குத்தான் பஞ்சம். நம் டிப்ளமோவுக்கு ஏதாவது மரியாதை உண்டென்றால் அது இரண்டாவது வேலைக்குத்தான் என்பது என் கட்சி.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். “ஆன் ஆகலை” என்று வருபவர்களில் பாதிப் பேருக்கு ஆன் ஆகியிருக்கும், திரையில்தான் ஒன்றும் வராது. ஃபேன் சுற்றுகிறதா? அப்படியானால் அது வேறு கேஸ். ராமைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் துடைத்து மாட்டுவதெல்லாம் அந்தக் கேஸுக்கு. ஃபேனே சுற்றாத பெட்டியில் ராமைத் துடைத்துக்கொண்டிருப்பது, வயிற்று வலிக்காரனுக்குக் கண் சொட்டு மருந்து விட்ட கதை. (பெட்டியையே ‘சி.பி.யூ.’ என்று சொல்லும் பழக்கமும் நம்மை விட்டுப் போகாது போலிருக்கிறது!)

ஃபேனே சுற்றவில்லையென்றால், கரண்ட் வரும் வழியிலேயே நாமும் நடந்து போக வேண்டும். சுவர் பிளக், யு.பி.எஸ்., பெட்டிக்குப் பின்னால் தொளதொளவென்று தொங்கும் பவர் கார்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸின் முதுகில் இருக்கும் ஸ்விட்ச். இதையெல்லாம் பார்க்க வெட்கப்படக் கூடாது.

அதற்குப் பிறகுதான் சுவாரஸ்யம். 1995-இல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். முறையைக் கொண்டு வருவதற்கு முன்னால், பெட்டியின் முன்பக்க ஸ்விட்ச்சுக்கே நேராக மெயின் கரண்ட் வந்து போகும், வீட்டு லைட் ஸ்விட்ச் மாதிரி. ஏ.டி.எக்ஸ். வந்த பிறகு அந்தப் பட்டன் வெறும் காலிங் பெல் மாதிரிதான். அது அமுங்கினால் மதர்போர்டுக்குத் தகவல் போகும். போர்டு, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பச்சை ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும். அப்போதுதான் எஸ்.எம்.பி.எஸ். முழுதாக விழிக்கும். எல்லா வோல்டேஜும் சரியாக வந்ததும் சாம்பல் நிற ஒயரில் 5 வோல்ட் கொடுத்து ‘நான் ரெடி’ என்று சொல்லும். பிறகுதான் பிராசசர் வேலையைத் தொடங்கும்.

சரி, தூங்கும் போர்டுக்கு பெல் சத்தம் கேட்க வேண்டுமே, அதற்கு யார் கரண்ட் தருவது? ஊதா ஒயர். பெட்டி ஆஃப் ஆகியிருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை இதில் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். நான் முதலில் நாடி பிடிப்பது இங்கேதான். கனெக்டரைப் பிடுங்காமல், அதன் முதுகு வழியாக மீட்டர் முனையை ஊதாவில் வைத்து, மற்றதைக் கறுப்பில் வையுங்கள். 4.75-லிருந்து 5.25-க்குள் காட்ட வேண்டும். இல்லையா? கனெக்டரை போர்டிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். மேல் சந்தேகப்படலாம். கழற்றியதும் வந்துவிட்டால், போர்டில் ஏதோ ஒன்று அதை ஷார்ட் பண்ணுகிறது என்று அர்த்தம்.

ஊதா சரியென்றால் பச்சைக்கு வாருங்கள். பட்டனை அமுக்கியதும் பச்சையில் வோல்டேஜ் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பட்டனோ போர்டோ. ஸ்குரூ டிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசிகளைத் தொட்டால் எது என்று தெரிந்துவிடும். எங்கள் சந்தனம் அகப்பட்டது இந்த இடத்தில்தான். பச்சை இறங்கியும் ஃபேன் ஒரு துடி துடித்து நின்றுவிடுகிறதா? எங்கேயோ ஷார்ட். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போங்கள்.

பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, ஃபேன் சுற்றினால் “எஸ்.எம்.பி.எஸ். நல்லாருக்கு” என்று சர்ட்டிபிகேட் கொடுக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அது பாதி உண்மை. ஃபேன் சுற்றுவது 12 வோல்ட்டில். லோடு ஏறும்போது 5-உம் 3.3-உம் படுத்துவிட்டால் ஃபேனுக்கு என்ன தெரியும்? இன்னொன்று, எஸ்.எம்.பி.எஸ். டப்பாவின் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வரை ஏறும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். வீரம் காட்டும் இடம் அது இல்லை.

இதெல்லாம் பெரிய ராக்கெட் விஞ்ஞானமா? இல்லை. எஸ்.எம்.பி.எஸ். பிளாக் டயகிராமை ஸ்கேல் வைத்து, கலர் பென்சில் தீட்டி, ரெக்கார்டு நோட்டில் வரையாதவர் நம்மில் யார்? வைவாவில் கேட்டால் கட்டம் கட்டமாக ஒப்பிப்போம். ஆனால் அந்த ஊதா ஒயரில் ஒரு தடவையாவது மீட்டர் வைத்தவர் கையைத் தூக்குங்கள் என்றால் வகுப்பில் நாலு கை எழும்புமா? நானே அந்தச் சந்தனப் பெட்டி வரும்வரை வைத்ததில்லை, உண்மையை ஒப்புக்கொள்கிறேன்.

நம் லேபின் பின்பக்க மூலையில் ஏழு பெட்டிகள் ‘வேலை செய்யவில்லை’ என்று சீட்டு ஒட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கண்டம் செய்ய உத்தரவு வரும்வரை அவற்றை யாரும் தொடக் கூடாதாம். லேப் அண்ணனிடம் கேட்டேன். “நீ கை வெச்சு ஒரு ஸ்குரூ காணாமப் போனாலும் ஸ்டாக் ரிஜிஸ்டருக்கு நான்தான் பதில் சொல்லணும் தம்பி” என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் சம்பளத்தில் பிடித்தால் நாமா கொடுக்கப் போகிறோம்?

அதனால் எச்.ஓ.டி. சாரிடமும் யூனியன் நண்பர்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்த ஏழில் இரண்டை மட்டும் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்களிடம் விடுங்கள். சனிக்கிழமை மதியம், ஒரு சார் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். எதையும் மாற்ற மாட்டோம். எங்கே கோளாறு என்று கண்டுபிடித்து, அந்த ‘வேலை செய்யவில்லை’ சீட்டின் கீழே காரணத்தை ஒரு வரியில் எழுதி வைக்கிறோம். கழற்றிய ஸ்குரூவை எண்ணி ஒப்படைக்கிறோம். மல்டிமீட்டர் எங்களுடையது.