எவர்சில்வர் காரும் துருப்பிடிக்குமா? டெலோரியன் 'பாஸ்' ஆனால் நம்பி வாங்கலாமா? - விளக்கம்

பிரிட்டனில் 40 வயதைக் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிப் பரிசோதனை கட்டாயமில்லை. 1981 தொடக்கத்தில் இருந்து 1982 இறுதி வரை மட்டுமே தயாரான டெலோரியன் கார்கள் அத்தனையும் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.

'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் கால இயந்திரமாக வந்ததே, அதே கார்தான். எவர்சில்வர் உடம்பு, மேல்நோக்கித் திறக்கும் கதவு. உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆனா, இவ்வளவு பழைய காரை வாங்க நினைப்பவர் எதை வைத்து நம்புவது? பழைய பரிசோதனையில் 'பாஸ்' என்று இருந்தால் போதுமா?

போதாது. ஏன் என்று பார்க்கலாம்.

டெலோரியன்: குறுகிய கால கார்

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஜான் டெலோரியன், அங்கிருந்து விலகித் தொடங்கிய நிறுவனத்தின் ஒரே கார் இது. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் அருகே டன்மரியில் தொழிற்சாலை. மோதல்களாலும் வேலையின்மையாலும் தவித்த அந்தப் பகுதிக்கு வேலை வரும் என்று பிரிட்டன் அரசு பெரும் பணத்தைப் போட்டது.

வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியுஜியாரோ. பொறியியல் வேலை லோட்டஸ் நிறுவனத்துடையது. ஆனால் எல்லாமே அவசரம். தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு கார் தயாரித்த அனுபவம் கிடையாது. அமெரிக்காவில் இறங்கிய முதல் கார்களை ஷோரூமுக்கு அனுப்பும் முன் தனி மையங்களில் வைத்துக் குறைகளைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. 1982-ல் நிறுவனம் திவாலானது. அதுவரை தயாரானவை சுமார் 9,000 கார்கள். பெரும்பாலானவை அமெரிக்காவுக்கான லெஃப்ட் ஹேண்ட் டிரைவ் கார்கள். பிரிட்டனில் ஓடுபவை மிகக் குறைவு.

எம்ஓடி என்றால் என்ன?

நம்ம ஊரில் லாரி, ஆட்டோவுக்கு எஃப்சி எடுப்பது போல, பிரிட்டனில் சொந்தக் காருக்கும் ஆண்டுதோறும் எடுக்க வேண்டியது 'எம்ஓடி'. 1960-ல் தொடங்கியது. அப்போது 10 ஆண்டு பழைய வண்டிகளுக்கு மட்டும்தான். 1967 முதல் 3 ஆண்டு ஆன கார்களுக்கே கட்டாயமானது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் அனுமதி பெற்ற ஒர்க் ஷாப்களில் இது நடக்கும். டெலோரியன் பிறந்த வட அயர்லாந்தில் மட்டும் அரசு மையங்களே நடத்துகின்றன.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், விளக்கு, டயர், சீட் பெல்ட், புகை, துரு எல்லாம் பார்ப்பார்கள். 2018 மே மாதம் முதல் குறைகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 'ஆபத்தானது' என்றால் சரிசெய்யும் வரை வண்டியை ஓட்டக் கூடாது. 'பெரிய குறை' என்றால் ஃபெயில். 'சிறிய குறை' என்றால் பாஸ்தான், ஆனால் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். இவை போக, 'இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரைக் குறிப்பும் உண்டு.

பதிவு எண் தெரிந்தால் போதும், ஒரு காரின் பழைய ரிசல்ட்டுகளை அரசு இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். வாங்குபவருக்கு இது பெரிய வரப்பிரசாதம். சந்தேகமில்லை.

எதையெல்லாம் பார்க்க மாட்டார்கள்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்ஓடி சோதிப்பதில்லை. அதாவது, வழியில் நின்றுபோகாமல் கார் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பது அந்தப் பரிசோதனையின் கேள்வியே இல்லை. இன்று, இந்த நேரத்தில், இந்த வண்டி சாலையில் ஓடப் பாதுகாப்பானதா என்பது மட்டும்தான் கேள்வி.

டெலோரியனில் இருப்பது பியூஜோ, ரெனோ, வால்வோ நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 2.85 லிட்டர் வி6 இன்ஜின். வேறு கார்களிலும் இது வந்ததால் அவ்வளவு அபூர்வமான இன்ஜின் அல்ல. ஆனால் இதில் பெட்ரோலைச் செலுத்துவது போஷ் கே-ஜெட்ரானிக் என்ற இயந்திர முறை. கார் மாதக்கணக்கில் சும்மா நின்றால் பெட்ரோல் கெட்டுப் பிசுபிசுத்து, இதன் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். ஆரம்ப கார்களில் வந்த ஆல்டர்னேட்டர் போதிய மின்சாரம் தராமல் தொல்லை கொடுத்தது. பின்னர் சக்தி கூடியதாக மாற்றினார்கள். இதெல்லாம் உரிமையாளருக்குத் தலைவலி. எம்ஓடி ரிசல்ட்டில் பெரும்பாலும் தெரியாது.

தலைகீழாகவும் நடக்கும். அமெரிக்காவில் இருந்து வந்த காரின் ஹெட்லைட், டிம் செய்யும்போது வலப்பக்கம் சாயும். இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனில் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் ஃபெயில். 1980 ஏப்ரலுக்குப் பிறகு சாலைக்கு வந்த கார்களுக்குப் பின்புறம் பனிமூட்ட விளக்கும் வேண்டும். இந்தக் காரணங்களால் ஃபெயில் ஆனதை வைத்து 'கார் மோசம்' என்று முடிவுக்கு வர முடியாது.

எவர்சில்வர் மேலே, இரும்பு கீழே

டெலோரியன் வாங்க வருபவர்களில் பலர் ஏமாறும் இடம் இதுதான். வெளியே தெரியும் தகடுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவற்றுக்கு உள்ளே ஃபைபர் உடம்பு. இரண்டையும் தாங்கும் சேசிஸ் மட்டும் சாதாரண இரும்பு. துருப்பிடிக்காமல் இருக்க அதன்மேல் எபாக்சி பூச்சு கொடுத்திருப்பார்கள்.

அந்தப் பூச்சு எங்காவது வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலே பூச்சு அப்படியே இருக்க, அடியில் இரும்பு அரித்துக்கொண்டே போகும். கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரில் இருந்து கசியும் திரவமும் பூச்சைக் கரைத்துவிடும். பிரிட்டனின் மழையும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் மிச்ச வேலையைச் செய்யும்.

சஸ்பென்ஷன், சீட் பெல்ட் போன்ற முக்கியப் பாகங்கள் பொருத்தப்பட்ட இடத்தில் இருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் கடுமையான துரு இருந்தால் எம்ஓடியில் ஃபெயில்தான். ஆனால் பரிசோதகர் எதையும் கழற்றிப் பார்க்க மாட்டார். கண்ணுக்குத் தெரிவதைத்தான் அவரால் எழுத முடியும். பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் ட்ரெய்லிங் ஆர்ம் போல்ட்டுகள் டெலோரியன்காரர்கள் முதலில் சந்தேகப்படும் பாகம். அவை வளைந்திருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய, கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

பாஸ் சதவீதம் ஏன் ஏமாற்றும்?

'இந்த மாடலில் இத்தனை சதவீதம் பாஸ்' என்ற கணக்கு, தெருவுக்குத் தெரு ஓடும் காருக்குப் பொருந்தும். லட்சக்கணக்கான சோதனைகள் இருக்கும்போது ஒரு கார் தவறினாலும் கணக்கு மாறாது. ஓர் ஆண்டில் 10 கார்கள்தான் சோதனைக்கு வந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று தோற்றால் 90 சதவீதம். இன்னொன்றுக்கு பல்பு எரியாமல் போனால் 80 சதவீதம். ஒரு பல்பில் 10 சதவீதம் போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. மோசமாக அரித்துப்போன கார்கள் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. பரிசோதனைக்கு வருபவை தப்பிப் பிழைத்தவை. அவற்றை உரிமையாளர்கள் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். பலரும் முன்கூட்டியே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் சோதனைக்கே கொண்டுவருவார்கள். ஆக, நல்ல ரிசல்ட்டுக்குப் பின்னால் இருப்பது காரின் தரமா, உரிமையாளரின் செலவா என்று சதவீதத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

40 வயதில் விலக்கு: யாருக்கு நல்லது?

2012 முதல் 1960-க்கு முந்தைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2018 மே 20 முதல் அது 40 வயது என்று மாறியது. பழைய வண்டிகள் குறைவாகவே ஓடுகின்றன, நன்றாகப் பராமரிக்கப்படுகின்றன, நவீன சோதனை முறை அவற்றுக்குப் பொருந்தவில்லை என்பது அரசின் வாதம். ஆனால் அரசு நடத்திய கருத்துக் கேட்பில் ஆதரவைவிட எதிர்ப்புதான் அதிகம் வந்தது.

எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. துரு, காரின் வயதுக்குச் சலுகை காட்டாது. குறைவாக ஓடும் காரின் பிரேக் ஹோஸும் டயரும் நின்ற இடத்திலேயே பழசாகும். டயரில் பட்டன் 1.6 மி.மீ.க்கு மேல் நன்றாகவே இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்திருக்கும். சேசிஸைக் கட்டாயம் பார்க்க வேண்டிய வயதில், வெளியாள் ஒருவர் காரின் அடியில் குனிந்து பார்க்கும் அந்த ஒரே வாய்ப்பும் உரிமையாளரின் விருப்பம் என்றாகிவிட்டது. காரில் வருபவருக்கு மட்டுமல்ல, எதிரே வருபவருக்கும் இது உயிர் விஷயம்.

விலக்கு என்பது பொறுப்பில் இருந்து விடுதலை அல்ல. ஆபத்தான நிலையில் உள்ள வண்டியை ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும், ஓட்டத் தடையும் வரலாம். எம்ஓடி பாஸ் ஆகியிருந்தாலும் இது பொருந்தும்.

சரி, ரிசல்ட்டை எப்படிப் படிப்பது?

1. பாஸ், ஃபெயிலைவிட அறிவுரைக் குறிப்பை முதலில் பாருங்கள். 'சேசிஸில் லேசான துரு' என்று ஆண்டுதோறும் வந்து, பிறகு திடீரென மறைந்தால், பழுது பார்த்ததற்கான பில் கேளுங்கள்.

2. ஒவ்வொரு சோதனையிலும் பதிவான ஓட்டத்தை ஒப்பிடுங்கள். ஓடவே இல்லாத கார் என்பது எப்போதும் நல்ல செய்தி அல்ல.

3. கடைசி சோதனை எப்போது? 40 வயதோடு நின்றுவிட்டதா? புதிதாக ஒரு எம்ஓடி எடுத்துத் தரச் சொல்லுங்கள். விலக்கு இருந்தாலும் விரும்பி எடுக்கலாம். 'வேண்டாம்' என்று விற்பவர் தட்டிக்கழித்தால் யோசியுங்கள்.

4. டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு எண்கள், அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்.

5. இந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் காரைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கட்டும். உதிரிபாகத்துக்குப் பெரிய பயம் வேண்டாம். நிறுவனம் மூடப்பட்டபோது மிஞ்சிய உதிரிபாகங்களை வாங்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் நிறுவனம் இன்றும் அவற்றை விற்கிறது.

எம்ஓடி சான்றிதழ் பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. டெலோரியன் போன்ற காருக்குக் கேட்க வேண்டிய மிச்சக் கேள்விகளை, பணம் கொடுக்கும் முன் வாங்குபவர்தான் கேட்க வேண்டும்.