இருபத்தாறாவது பூ

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பூப் பறிப்பதற்கும் ரேஷன் உண்டு சார்! அரசாங்க நிலத்தில் 'கொலம்பைன்' என்கிற காட்டுப் பூவை ஒருவர் நாளொன்றுக்கு 25 காம்புக்கு மேல் பறிக்கக் கூடாது. 1925-ல் சட்டம் போட்டபோது, இருபத்தாறாவதில் கை வைப்பவருக்கு 5 டாலரிலிருந்து 50 டாலர் வரை அபராதம் என்று எழுதி வைத்தார்கள். வேரோடு பிடுங்குவதா? மூச்!

காரணம், 1899-லிருந்து அதுதான் மாநிலப் பூ. வெளியே நீலம், உள்ளே வெள்ளை, பின்னால் ஐந்து நீள வால். வால் நுனியில் தேன். 'கொலம்பைன்' என்றால் லத்தீனில் புறா சம்பந்தம். தாவரவியல் பெயரான 'அக்விலீஜியா'வோ கழுகு சம்பந்தம் என்கிறார்கள். பூ என்னவோ ஒன்றுதான்!

டென்வரில் புதுசாக வீடு வாங்குகிறவர், 'உள்ளூர்ப் பூதானே, வறட்சியைத் தாங்கும்' என்று மேற்குச் சுவரோரம் நட்டுவிடுகிறார். அங்கே மழை, பனி எல்லாம் சேர்த்தே வருஷத்துக்குப் பதினைந்து அங்குலம் தேறினால் பெரிசு. ஜூலையில் செடி அப்பளம்! இந்த நீலப் பூவின் சொந்த ஊர் ராக்கி மலை. ஆஸ்பென் மர நிழல், பனி உருகின ஈரம். ஏ.ஸி. ரூம் ஆசாமியைக் கொதிகலன் பக்கத்தில் உட்கார வைத்த கதைதான்.

வறண்ட தோட்டத்துக்கு அதன் சித்தப்பா பிள்ளை ஒருத்தன் இருக்கிறான். 'கிரிசாந்தா' என்கிற மஞ்சள் கொலம்பைன். அரிஸோனா, நியூ மெக்ஸிகோ மலையிடுக்குகளில் நீர் கசிகிற பாறையோரம் வளர்ந்தவன். வெயில் பழக்கம் உண்டு. அவனுக்கும் மத்தியான நிழலும், வேர் காயாத அளவுக்குத் தண்ணீரும் வேண்டும். கொடுத்தால், ராத்திரி ஷிஃப்டில் பெரிய அந்துப்பூச்சிகள் வந்து தேன் குடிப்பதைப் பார்க்கலாம்.

மலையிலிருந்து பெயர்த்து வரும் யோசனையே வேண்டாம். சட்டம் ஒரு பக்கம். ஆழமான ஆணிவேர், அறுந்தால் பிழைப்பது கஷ்டம். விதைதான் உத்தமம். குளிர்காலத்துக்கு முன் மண் மேலேயே தூவ வேண்டும், புதைக்கக் கூடாது. பனியில் கிடந்தால்தான் துரைக்கு விழிப்பு வரும். முதல் வருஷம் பெரும்பாலும் இலைதான், அடுத்த வருஷம் பூ.

செடிக்கு ஆயுசு மூன்று, நாலு வருஷம். ஆனால் முதல் போனாலும் வட்டி வரும். தானே விதை உதிர்த்து, தானே முளைக்கும். ஒரே சிக்கல், கொலம்பைன் ஜாதிகள் சுலபமாகக் கலந்துவிடும். மஞ்சள் வைத்திருந்தவர் வீட்டில் திடீரென்று வேறு கலரில் பூத்தால், பக்கத்து வீட்டுத் தோட்டத்தைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது நல்லது.