பேரவை கூடாத கூட்டுறவுச் சங்கம்

காவிரிப் பாசனத்தில் ஐந்து ஊர்களுக்குப் பொதுவாக இருக்கிறது எங்கள் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். அந்த நீண்ட பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. சொசைட்டி என்றால் போதும். 1987-ல் நான் உறுப்பினராகச் சேர்ந்தேன். பங்குத்தொகை கட்டிய ரசீது பழுப்பேறி, மடிப்பில் கிழிந்து, இன்னும் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. என் அப்பாவின் ரசீது அதைவிடப் பழையது. அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் மட்டும் அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார்.

சங்கத்தின் முன்சுவரில் நிர்வாகக் குழு இயக்குநர்களின் பெயர்களைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவை 2018 தேர்தலில் வந்த பெயர்கள். அந்தக் குழுவின் ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2023-ல் முடிந்துவிட்டது. அன்று முதல் எங்கள் சங்கத்தை நடத்துபவர் அரசு அமர்த்திய ஒரு தனி அலுவலர். அவருக்கு எங்கள் சங்கம் மட்டும் அல்ல, வேறு சங்கங்களும் பொறுப்பு. வாரத்தில் ஒருநாள் வருவார், சில வாரங்களில் அதுவும் இல்லை. அவர் வரும் நாள் முன்கூட்டித் தெரியாததால், கையெழுத்துக்காகக் காத்திருப்பவர்கள் தினமும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். உறுப்பினர்கள் எல்லாரும் கூடும் பேரவைக் கூட்டம் கடைசியாக எப்போது நடந்தது என்று ஊரில் பத்துப் பேரைக் கேட்டேன். பத்துப் பேரும் வெவ்வேறு ஆண்டைச் சொன்னார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் எல்லாம் யோக்கியமாக நடந்தன என்று சொல்ல நான் வரவில்லை. 2018-ல் வேட்புமனு வாங்கப் போனவர்களை வாசலிலேயே தடுத்து நிறுத்தியதையும், மறுநாள் போட்டியின்றித் தேர்வு என்று தாள் ஒட்டியதையும் நேரில் பார்த்தவன்தான். ஆனால் அந்தத் தலைவர் எங்கள் ஊர்க்காரர். டீக்கடையில் மறித்துக் கேட்கலாம், சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டையும் போடலாம். இன்று கேட்பதற்கு ஆளே இல்லை. செயலாளரைக் கேட்டால் தனி அலுவலரைக் கேளுங்கள் என்கிறார். தனி அலுவலரைக் கேட்டால் மேலே கேட்க வேண்டும் என்கிறார். மேலே என்பது எது என்று இருவருமே சொல்வதில்லை.

இதனால் அன்றாடம் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், நடவு முடிந்து மேலுரம் போடும் வாரத்தில் எங்கள் சங்கத்து வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்க வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 266 ரூபாய் 50 காசு. பயிருக்கு வேண்டிய நேரத்தில் அந்த விலைக்குக் கிடைக்கும் என்பதற்காகத்தான் சொசைட்டியை நம்பி இருக்கிறோம். லாரி வந்த செய்தி பரவி விடிவதற்குள் வரிசை நிற்கிறது. கருவியில் கைரேகை வைக்க வேண்டும். நாற்றுப் பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எங்கே இருக்கிறது? பெண்கள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கிறார்கள். ரேகை விழுந்துவிட்டால், மூட்டையோடு நானோ யூரியா பாட்டில் ஒன்றையும் வாங்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம் என்றால் மூட்டையும் இல்லை. எந்த உத்தரவில் இது இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. பதினோரு மணிக்கெல்லாம் இருப்பு தீர்ந்துவிட்டது என்று கதவைச் சாத்துகிறார்கள். எத்தனை மூட்டை வந்தது, யார் யாருக்குப் போனது என்ற கணக்கு அறிவிப்புப் பலகையில் வருவதில்லை. உறுப்பினரே அல்லாதவர் வண்டியில் இரவோடு இரவாகப் போனது என்று ஊர் பேசுகிறது. அது உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்து வைத்திருப்பதுதான் என் புகார். அன்று மூட்டை கிடைக்காதவர் தனியார் கடைக்குப் போகிறார், கேட்ட விலையைக் கொடுக்கிறார். ஒருநாள் கூலியும் போயிருக்கும்.

கடன் சங்கதி தனி. பயிர்க்கடனை உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் வட்டி இல்லை என்பது தமிழ்நாட்டு விவசாயிக்குக் கிடைத்த பெரிய வரம், மறுப்பதற்கில்லை. ஆனால் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு அந்த மாதமே பணம் வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார் என்று எல்லாம் கொடுத்த பிறகும், கடன் கைக்கு வரும்போது களை எடுக்கும் பருவம் வந்துவிடுகிறது. இடையில் நகையை வெளியே அடகு வைத்தாயிற்று. குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் பாடு இன்னும் மோசம். அவர் பெயரில் அடங்கல் கிடைப்பதே பாதி யுத்தம். கடன் தரும்போது பங்குத்தொகை என்று பிடிக்கிறார்களே, அது இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது, அதற்கு ஈவு உண்டா என்று எங்களில் ஒருவருக்கும் கணக்குத் தாள் வந்ததில்லை.

சங்கத்தின் பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். நாங்கள் மகிழ்ந்தோம், பொய் சொல்லக் கூடாது. உரம் வந்தது, காப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, கடன் முகாம் என்றைக்கு என்பதெல்லாம் கைக்குள்ளேயே வந்தன. இளைஞர்கள் பெரியவர்களுக்குப் படித்துச் சொன்னார்கள். பிறகு ஒருவர் குழுவில் எழுதிக் கேட்டார்: நேற்று வந்த மூட்டைகள் மதியத்துக்குள் எப்படித் தீர்ந்தன? கேள்வியில் வசவு இல்லை, கிண்டல்கூட இல்லை. பத்து நிமிடத்தில் அதை அழித்தார்கள். அவர் மறுபடி கேட்டார், இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள். மூன்று பேரையும் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, இனி நிர்வாகிகள் மட்டுமே எழுத முடியும் என்று மாற்றினார்கள். அந்த நிர்வாகிகள் யார்? சங்க ஊழியர் இருவர், எந்தப் பதவியும் இல்லாத ஊர்ப் பிரமுகர் ஒருவர். யாரும் அவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த விதிப்படி சேர்க்கிறார்கள், எந்த விதிப்படி நீக்குகிறார்கள் என்று எழுதிய துண்டுச் சீட்டும் கிடையாது.

வாட்ஸ்அப்தானே என்று சிரிக்க வேண்டாம். சங்கத்தில் தண்டோரா இல்லை, அறிவிப்புப் பலகையில் புதுத் தாள் ஒட்டுவதும் நின்றுவிட்டது, எல்லா அறிவிப்பும் அந்தக் குழுவில்தான் என்றாகிவிட்ட பிறகு, குழுவிலிருந்து நீக்குவது சங்கத்திலிருந்து நீக்குவதற்குச் சமம். நீக்கப்பட்ட மூவரில் ஒருவர் கணவரை இழந்து தனியாக ஒன்றரை ஏக்கர் பார்க்கும் பெண். சம்பா காப்பீட்டுக்கு நவம்பர் 15 கடைசி என்ற செய்தி அந்த ஆண்டு அவருக்கு எட்டவில்லை. அந்த ஆண்டே மழையில் கதிர் சாய்ந்தது.

இந்தக் கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பார்த்தோம். கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று பதில் வந்தது. கேரளத்தின் தலப்பாலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுகிறார்கள். அதே தீர்ப்பில், சங்கங்களை மேற்பார்வையிடும் அதிகாரி அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், சங்கத்திடம் அவர் சட்டப்படி பெறக்கூடிய தகவலைக் கேட்பவருக்குத் தர வேண்டியவர் என்பதும் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் எங்களுக்குப் பதில் எழுதுகிறவர்களின் கண்ணில் படுவதே இல்லை.

இந்த மண்ணுக்குக் கூட்டுறவு புதிதல்ல. கூட்டுறவுச் சட்டம் வந்த 1904-லேயே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூரில் கடன் சங்கம் பதிவாகிவிட்டது. அதே ஆண்டுதான் சென்னை திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை பிறந்தது. ஆளுக்கு ஒரு ஓட்டு, பங்கு கூட இருந்தாலும் குறைய இருந்தாலும் ஒரே ஓட்டு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் ஆணிவேர். அரசியல் சட்டத்தின் 97-வது திருத்தம் கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அடிப்படை உரிமையாக்கியது. அதில் மாநிலச் சங்கங்களின் நிர்வாகம் பற்றிய பகுதி செல்லாது என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் சங்கங்களின் தன்னாட்சியையும் ஜனநாயகக் கட்டுப்பாட்டையும் அரசு வளர்க்க வேண்டும் என்னும் 43-பி பிரிவு அப்படியேதான் இருக்கிறது. தனி அலுவலர் வந்தார் என்பதற்காக உறுப்பினர்கள் இல்லாமல் போய்விடுவதில்லை.

மனு கொடுக்காமல் இருந்தோமா? குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தோம், முகாம்களில் கொடுத்தோம். விரைவில் பேரவை கூட்டப்படும் என்று ஒருமுறை சொன்னார்கள். தேர்தல் வரப்போகிறது, அதோடு சேர்த்துப் பார்க்கலாம் என்று இன்னொரு முறை. உறுப்பினர் பட்டியல் சரிபார்க்கப்படுகிறது, அது முடியட்டும் என்று மற்றொரு முறை. சரிபார்க்கிறேன் என்று எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் என் அப்பா பெயரையாவது எடுத்திருப்பார்கள். கொடுத்த மனு ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு இருக்கிறது, நடவடிக்கை ஒன்றுகூட இல்லை.

உறுப்பினரின் கண் ஏன் வேண்டும் என்பதற்குத் தூரத்தில் உதாரணம் தேட வேண்டாம். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. 16 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பயன்பெற்றார்கள். அதே ஆண்டு ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்காகப் பெட்டகங்களைத் திறந்து பார்த்தபோது, சில சங்கங்களில் போலி நகை இருந்தது, சிலவற்றில் ஒரே குடும்பத்துக்குப் பல கடன்கள் இருந்தன. இவ்வளவு பொதுப்பணம் ஓடும் வாய்க்காலுக்குக் கரையில் காவல் யார்? தணிக்கை உண்டு, தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆம் பிரிவு விசாரணை உண்டு, 87-ல் தண்டத்தீர்வை உண்டு. எல்லாம் பணம் போன பிறகு வருபவை. போகும் முன்பே கேட்கக்கூடியவர், பக்கத்து வயல்காரரின் நிலம் எவ்வளவு என்று அறிந்த உறுப்பினர் ஒருவர்தான். அவர் எழுந்து நின்று கேட்கும் இடம் பேரவை.

முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. நாடு முழுவதும் 63,000 கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ல் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள். எங்கள் சங்கத்திலும் கணினி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் என் பங்குக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? உர இருப்பைத் தினமும் காலையில் பலகையில் சாக்பீஸால் எழுத எந்த அரசாணை தேவை? இறந்தவர் பெயரை நீக்கி, வாரிசுக்குப் பங்கைக் கொடுத்து, கடன் வாங்கித் திருப்பிக் கட்டுகிற எல்லாரையும் சேர்த்து உறுப்பினர் பட்டியலை ஊர்ச் சாவடியில் ஒட்டலாம். நீக்கிய மூவரைக் குழுவில் மீண்டும் சேர்த்து, கேள்வி கேட்க வாரத்தில் ஒருநாளாவது எல்லாரையும் எழுதவிடலாம். தனி அலுவலர் வரும் கிழமையை நிரந்தரமாக அறிவிக்கலாம். தணிக்கை அறிக்கையைப் பேரவையில் தமிழில் வாசித்துக் காட்டலாம். எண்ணைக் கண்டு நாங்கள் மிரள மாட்டோம், வட்டிக் கணக்கு மனப்பாடமாகத் தெரிந்தவர்கள்.

தேர்தல் எப்போது என்பது பெரிய இடத்து முடிவாக இருக்கலாம். அதற்கான தேதியையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள். பேரவையைக் கூட்ட அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் சங்கத்துக் கிடங்கின் முன்னால் பெரிய வேப்பமரம் இருக்கிறது. பந்தல்கூட வேண்டாம். அடுத்த குறுவைக்கு அணை திறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள், ஐந்து ஊர்க்காரர்களும் வந்துவிடுகிறோம்.