பாம்பும் சோழியும்

பூமியின் நிழலுக்குள் சந்திரன் புகுவதே சந்திர கிரகணம். பூரணையிலன்றி அது நிகழாது. ஆயினும் எல்லாப் பூரணைகளிலும் நிகழ்வதில்லை. சந்திரனின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். அப்பாதை அத்தளத்தை வெட்டும் இரு புள்ளிகளுக்கு அருகே பூரணை நேர்ந்தாலே கிரகணம் உண்டாகும். அப்புள்ளிகளையே எமது கணிதர்கள் இராகு, கேது என்றனர்.

1825இல் நிகழ்ந்த சந்திர கிரகணமொன்றைப் புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனனம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஜோன் வாரன் என்ற ஐரோப்பியருக்குக் கணித்துக் காட்டினார். முடிவு நேரத்தில் பிழை மிகுந்திருந்தது; தொடக்க நேரமோ 4 நிமிடங்களே பிசகிற்று.

இந்த அறிவை மறந்து அச்சத்தை மட்டும் நாம் கடல் கடந்து சுமந்து வந்துள்ளோம். எமது பிள்ளைகள் பாடசாலையில் நிழலைக் கற்கின்றனர். வீட்டிலோ பாம்பு விழுங்கும் கதையைக் கேட்கின்றனர், கருவுற்ற பெண் அறைக்குள் அடைக்கப்படுவதைக் காண்கின்றனர். கதை பொய்யென அறியும் பிள்ளை, அதைச் சொன்ன மொழியையும் ஐயுறும். பிறகு எத்தனை தமிழ்ப் பள்ளிகள் நடத்தியும் பயனென்ன?

சந்திர கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்ப்பதில் தீங்கேதுமில்லை. அடுத்த கிரகணத்தன்று யன்னலைத் திறவுங்கள். செந்நிறமாகும் சந்திரனைப் பிள்ளைகளுக்குக் காட்டிச் சோழிகளின் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள்.